தீவுகளா, கிரீட்டா, பெலொப்பொனீஸா? முதலில் லீவு தேதியைச் சொல்லுங்கள்

நண்பர்கள் சேர்ந்து கிரீஸ் போகலாம் என்று பேச்சு கிளம்பியதும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிற முதல் படம் சாண்டோரினிதான். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். மறுநாளே ஒருவர் 'பத்து நாள், ஐந்து தீவு' என்று அட்டவணை போட்டுவிடுவார். இன்னொருவருக்கு மலையில் நடக்க வேண்டும். வரலாற்றுப் பைத்தியம் பிடித்த ஒருவர் பெலொப்பொனீஸ் என்ற தென் தீபகற்பத்தின் பழைய இடிபாடுகளான மைசீனி, ஒலிம்பியா என்பார். மூன்றுமே நல்ல யோசனைகள்தான், ஆனால் எல்லா லீவுக்கும் மூன்றும் ஒத்துவராது. என்னைக் கேட்டால் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஈஸ்டர் லீவா, கோடை லீவா, அக்டோபர் இடைவேளையா என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை தானாகவே அடங்கிவிடும்.

நான் மனதில் வைத்திருப்பது பதினெட்டு, பத்தொன்பது வயதுக் குழுவை. நான்கு பேர், முதுகில் ஆளுக்கொரு பை, பத்து நாளிலிருந்து இரண்டு வாரம், கையில் அளவான காசு. இந்த வயதில் வாடகைக் கார் என்ற வழி அநேகமாக அடைபட்டுவிடுகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் 21 வயதுக்குக் கீழே சாவி தருவதில்லை. தருகிறவர்களும் இளம் ஓட்டுநர் என்று தனிக் கட்டணம் போடுவார்கள். ஆகவே பஸ், கப்பல், நடை. குழுவில் யாராவது பதினேழு வயதென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: பல ஹாஸ்டல்கள் பெரியவர் துணை இல்லாமல் அந்த வயதுக்காரர்களை ஏற்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட் லீவு

பெரும்பாலோருக்குக் கிடைப்பது இதுதான். இங்கேதான் ஈஜியன் கடலின் சைக்ளடீஸ் தீவுக்கூட்டமா, தெற்கே கிரீட் என்ற பெரிய தீவா என்ற உண்மையான போட்டி.

சைக்ளடீஸுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பாரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி என்று ஒரே தடத்தில் கப்பல்கள் ஓடுகின்றன. பெரிய கப்பலில் பாரோஸுக்கு நான்கு மணி நேரம் சொச்சம், நாக்ஸோஸுக்கு ஐந்து மணிக்கு மேல், சாண்டோரினிக்கு ஏறத்தாழ எட்டு மணி. கேடமரான் என்ற விரைவுக் கப்பல் சாண்டோரினிக்கு ஐந்து மணி நேரத்தில் போய்விடும், ஆனால் டிக்கெட் விலை கணிசமாக ஏறிவிடும். நான் பெரிய கப்பல் பக்கம். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். மேல்தளத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு தீவிலும் பின்கதவு இறங்குவதையும் லாரியும் ஸ்கூட்டரும் பாட்டிகளும் ஒரே நேரத்தில் முண்டியடித்து இறங்குவதையும் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது இன்னொரு காரணம். கேடமரானில் பெரும்பாலும் உள்ளே இருக்கையிலேயே அடைந்து கிடக்க வேண்டும். அலை அடிக்கிற நாளில் அது ஒரு தண்டனை.

அலை அடிக்கவும் செய்யும். ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் வீசும். வானம் துல்லியமான நீலமாக இருக்கும், காற்று மட்டும் நிற்காது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் பொஃபோர்ட் அளவில் 8, 9 என்று ஏறினால் கடலோரக் காவல்படை கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடும். கேடமரான்களும் சிறு படகுகளும் அதற்கு முன்பே நின்றுவிடும். கப்பல் ரத்தானால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கும் அல்லது அடுத்த கப்பலுக்கு மாற்றித் தருவார்கள். ஆனால் அடுத்த தீவில் கட்டிவைத்த அறைக்காசு போனது போனதுதான். ஐந்து தீவுத் திட்டத்தில் ஒரு கப்பல் நின்றால் பின்னாலிருக்கும் நான்கும் சரிகிறது.

காற்றே அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தீவு மாறுகிற நாள் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். காலை பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கப்பல் இரண்டு மணிக்கு என்றால் மூன்றுக்கு வரும். துறைமுகத்தில் நிழல் குறைவு. இறங்கி, பஸ் பிடித்து, அறை சேரும்போது சாயங்காலம். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவதும் பெரும்பாலும் இந்த மாதிரி நாட்களில்தான்: யார் தாமதமாக எழுந்தது, யார் டிக்கெட்டைத் தப்பான தேதிக்குப் போட்டது. பத்து நாளில் இடம் மாறுகிற நாட்கள் மூன்றைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு.

சாண்டோரினியைப் பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் குழுவில் யாரும் விடமாட்டார்கள். எரிமலை வாயின் விளிம்பில் இருக்கிற அந்த ஊர்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் அது முதுகுப்பைக்காரர்களுக்கான தீவாக இல்லை. உல்லாசக் கப்பல் பயணிகளை ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று கட்டுப்படுத்தவேண்டிய நிலைக்கு அங்கே நெரிசல் போயிருக்கிறது. விளிம்பில் அறை எடுக்க வழியே இல்லை. மறுபக்கம் கருமணல் கடற்கரை இருக்கும் பெரிஸ்ஸாவில்தான் மலிவாக ஏதாவது கிடைக்கும். போயே தீருவேன் என்பவர்கள் ஓர் இரவு தங்கி, விடிகாலையில் ஃபீராவிலிருந்து ஓயா வரை விளிம்போடு போகும் பத்து கிலோமீட்டர் பாதையை நடந்துவிட்டு, மத்தியானக் கப்பலில் கிளம்பிவிடலாம். சூரிய அஸ்தமனம் எல்லாத் தீவிலும் நடக்கிறது.

தீவுகள்தான் வேண்டும் என்று முடிவானால் நாக்ஸோஸில் போய் உட்காருங்கள். துறைமுகத்தில் இறங்கும்போதே போர்ட்டாரா தெரியும். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அப்பல்லோவுக்குக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல் அது. தெற்கே நீளமான மணல் கடற்கரைகள், அவற்றை ஒட்டிக் கூடார முகாம்கள், ஊரிலிருந்து பஸ். உள்ளே போனால் சைக்ளடீஸிலேயே உயரமான ஸாஸ் மலை, சுமார் 1,000 மீட்டர். தரையில் பளிங்கு பாவிய அபெய்ராந்தோஸ் கிராமம். உருளைக்கிழங்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன தீவு, அதனால் சாப்பாடும் மற்ற தீவுகளைவிடக் கட்டுப்படியாகும். இங்கிருந்து 'எக்ஸ்பிரஸ் ஸ்கொபெலிட்டிஸ்' என்ற சின்னக் கப்பல் இராக்லியா, ஸ்கினூஸா, கூஃபோனீஸியா, டொனூஸா வழியாக அமோர்கோஸ் வரை போகும். அந்தக் குட்டித் தீவுகளில் ஒன்றில் இரண்டு இரவு தங்கினால் தீவுப் பயணம் என்று மனதில் இருந்தது கிடைத்துவிடும். நாக்ஸோஸ், ஒரு குட்டித் தீவு, திரும்ப ஏதென்ஸ். போதும்.

இப்போது கிரீட். கோடை லீவுக்கு நான் கை தூக்குவது இதற்குத்தான்.

மத்தியதரைக் கடலில் ஐந்தாவது பெரிய தீவு, மேற்கிலிருந்து கிழக்காக 260 கிலோமீட்டர். கூட்டம் வராமல் இல்லை, நிறையவே வருகிறது. ஆனால் தீவு அதைத் தாங்குகிற அளவு பெரியது. வடகரையில் நான்கு தெரு நெரிசலாக இருந்தால் மலையைத் தாண்டித் தென்கரைக்குப் போய்விடலாம். பிரேயஸிலிருந்து ஹானியாவுக்கும் ஹெராக்லியோனுக்கும் இரவுக் கப்பல் உண்டு. எட்டு ஒன்பது மணி நேரம், விடிந்தால் கிரீட். ஓர் இரவு அறை வாடகை மிச்சம். அறை எடுக்காத பயணிகள் சோஃபாவிலும் கம்பளத்திலும் படுக்கை விரித்துத் தூங்குவது அங்கே சகஜம், யாரும் ஏற இறங்கப் பார்க்கமாட்டார்கள். குளிர்சாதனம் மட்டும் ஈவிரக்கமில்லாமல் ஓடும், ஒரு போர்வையோ ஸ்வெட்டரோ மேலாக இருக்கட்டும்.

அங்கே போனபின் க்டெல் பஸ். கிரீஸ் முழுவதும் மாவட்டத்துக்கு மாவட்டம் தனிக் கூட்டுறவாக ஓடுகிற பஸ் சேவை இது. கிரீட்டில் வடகரை நெடுஞ்சாலையில் ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் என்று அடிக்கடி கிடைக்கும். கப்பல் நின்றால் என்ன செய்வது என்ற கவலையே இல்லாமல் ஊர் மாறலாம் என்பதுதான் தீவுத் திட்டத்தோடு ஒப்பிடும்போது பெரிய வித்தியாசம்.

நான்கு பேருக்கும் நான்கு ஆசை என்ற சிக்கலுக்கும் கிரீட்தான் விடை. வரலாறு வேண்டுமென்றால் ஹெராக்லியோனிலிருந்து நகரப் பஸ்ஸிலேயே பழங்கால க்னோஸோஸ் அரண்மனை. 1900-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டத் தொடங்கிய இடம். அவர் கான்கிரீட்டில் தூண் நிறுத்தி, சிவப்புச் சாயம் பூசி மீட்டுக் கட்டியது சரியா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் அரண்மனையை விட்டுவிட்டு ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போவேன். குறியெழுத்து பதித்த களிமண் ஃபைஸ்டோஸ் வட்டும், காளை மேல் தாவுகிற ஓவியமும், பாம்பு ஏந்திய பெண் சிலைகளும் அங்கேதான் இருக்கின்றன.

மலை வேண்டுமென்றால் சமாரியா பள்ளத்தாக்கு. ஹானியாவிலிருந்து விடிகாலை பஸ்ஸில் ஒமலோஸ் போய், 1,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் கீழே இறங்கிக் கடலைத் தொடும் நடை. ஐந்திலிருந்து ஏழு மணி நேரம். வழியில் 1962-இல் தேசியப் பூங்கா ஆனபோது ஆட்களைக் காலி செய்த சமாரியா கிராமம். கடைசியில் பாறைச் சுவர்கள் நாலு மீட்டர் அளவுக்கு நெருங்கி வரும் 'இரும்புக் கதவுகள்'. முழங்கால் வலிக்கும், இறக்கம் என்பதால் எளிது என்று நினைக்க வேண்டாம். வெயில் மிகுந்த நாளிலும் மழை நாளிலும் மூடிவிடுவார்கள், அதனால் பயணத்தின் கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள். இறங்குகிற அகியா ரூமெலிக்குச் சாலையே கிடையாது. அங்கிருந்து படகில் சூயியாவுக்கோ ஸ்ஃபாக்கியாவுக்கோ போய்ப் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் நேரங்கள் படகோடு ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லோரும் போல அன்றைக்கே ஹானியா திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை. முழுப் பையோடு நடக்க முடிந்தால் தென்கரையிலேயே தங்கிவிடுங்கள். கடலிலிருந்தோ நடந்தோ மட்டுமே போகக்கூடிய லூட்ரோ, மேற்கே பாலியோஹோரா, கிழக்கே பிளாக்கியாஸ் எல்லாம் அறை, உணவு இரண்டிலும் வடகரையைவிட நிதானமான ஊர்கள். முன்னால் லிபியக் கடல், பின்னால் வெள்ளை மலைகள். கடற்கரையில் சும்மா கிடக்க வேண்டும் என்று வந்தவரும் இங்கே திருப்திப்படுவார். விமானத்திலும் ஒரு வசதி: ஏதென்ஸில் இறங்கி, ஹானியாவிலிருந்தோ ஹெராக்லியோனிலிருந்தோ கிளம்பலாம். கோடையில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கு நேரடி விமானம் உண்டு.

கோடையில் பெலொப்பொனீஸ் எப்படி? வேண்டாம் என்பேன். மைசீனியிலும் ஒலிம்பியாவிலும் பார்க்க வேண்டியது எல்லாம் திறந்த வெளியில் இருக்கிறது. 40 டிகிரி வெயிலில் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? ஏதென்ஸில் குன்றின் மேலிருக்கும் பழைய கோயில் வளாகமான அக்ரோபோலிஸையே 2023, 2024, 2025 கோடைகளில் வெப்ப அலை வந்த நாட்களில் மத்தியான நேரம் மூடி வைத்தார்கள்.

ஆகஸ்ட் 15-ஐ மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாதாவின் திருநாள், தேசிய விடுமுறை, கிரேக்கர்கள் எல்லோரும் சொந்தத் தீவுக்குக் கிளம்புகிற வாரம். நம் பொங்கல் வாரத்தில் கோயம்பேட்டில் பஸ் தேடியவர்களுக்கு அந்த வாரத்துப் பிரேயஸ் புதிதாக இருக்காது. அதையொட்டிய நாட்களில் பயணம் என்றால் கப்பல் டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும், அறை அப்புறம்.

ஈஸ்டர் லீவு

இங்கே கணக்கு தலைகீழ். ஏப்ரலில் சைக்ளடீஸில் பாதிக் கடைகளும் விடுதிகளும் சாத்தியிருக்கும். கப்பல்கள் குறைவு, கடல் நடுங்க வைக்கும். கிரீட்டில் சமாரியா பொதுவாக மே மாதம்தான் திறக்கும். ஆனால் பெலொப்பொனீஸ் அப்போதுதான் தன் அழகில் இருக்கும். மலைச்சரிவெல்லாம் காட்டுப்பூ, ஆரஞ்சுத் தோட்டங்களில் பூ வாசனை, இடிபாடுகளில் கூட்டமும் இல்லை.

ஏதென்ஸின் கிஃபிஸோஸ் பஸ் நிலையத்திலிருந்து நாஃப்பிலியோவுக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் பஸ் நிற்கிற இஸ்த்மோஸில் இறங்கினால் 1893-இல் திறந்த கொரிந்த் கால்வாயைப் பார்க்கலாம். செங்குத்தாக வெட்டிய, ஆறு கிலோமீட்டர் சொச்சம் நீளமான ஒரு கீறல். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலையில்லை. நாஃப்பிலியோ சுதந்திர கிரீஸின் முதல் தலைநகர். ஊருக்கு மேலே பாலமிடி கோட்டை, 999 படி என்று சொல்வார்கள், எண்ணிப் பார்க்கிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். இந்த ஊரில் மூன்று இரவு தங்கினால் மைசீனியின் சிங்க வாசலையும், பதினாலாயிரம் பேர் உட்காரும் பழங்கால எபிடாரஸ் நாடக அரங்கையும் தனித்தனி நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துத் திரும்பலாம். அப்புறம் ஸ்பார்ட்டா போய், பக்கத்தில் மலைச்சரிவில் கிடக்கும் இடைக்காலப் பைசண்டைன் நகரமான மிஸ்ட்ராஸ். நேரமும் பொறுமையும் இருந்தால் ஒலிம்பியா.

பொறுமை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு மாவட்டத்துக்குள் பஸ் நன்றாக ஓடும், மாவட்டம் மாறும்போது இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். பெலொப்பொனீஸின் பழைய குறுகிய ரயில் பாதை 2011 வாக்கில் நின்றுவிட்டது. அதனால் ஐரோப்பா முழுக்க இன்டர்ரெயில் பாஸோடு சுற்றுகிறவர்களுக்கு இங்கே அது பெரிதாக உதவாது. இத்தாலியின் பாரியிலிருந்தோ அன்கோனாவிலிருந்தோ கப்பலில் பத்ராஸ் வந்து இறங்குகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி நேரே வாசலில் இருக்கிறது.

தேதியைக் கவனியுங்கள். கிரேக்க மரபுவழித் திருச்சபையின் ஈஸ்டர் மேற்கத்திய ஈஸ்டரோடு எப்போதாவதுதான் சேர்ந்து வரும். 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20. 2026-இல் மேற்கில் ஏப்ரல் 5, கிரீஸில் ஏப்ரல் 12. 2027-இல் மார்ச் 28-க்கும் மே 2-க்கும் இடையே ஐந்து வாரம். உங்கள் லீவு கிரேக்க ஈஸ்டரோடு பொருந்தினால் அதிர்ஷ்டம்: பெரிய வெள்ளி இரவில் பூ அலங்கரித்த பாடையோடு தெருத்தெருவாக ஊர்வலம், சனிக்கிழமை நள்ளிரவில் மெழுகுவர்த்தி, வெடி. ஆனால் ஈஸ்டர் ஞாயிறன்று தொல்லியல் இடங்கள் மூடியிருக்கும், பஸ்ஸும் குறைவு. அந்த நாளை ஒரே ஊரில் கழிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஆட்டிறைச்சியோடு கூப்பிட்டு உட்கார வைத்தாலும் வைப்பார்கள்.

அக்டோபர் இடைவேளை

ஒரு வாரம்தான் என்றால் யோசிக்க வேண்டாம், கிரீட். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் குளிக்கிற பதத்தில் இருக்கும். சைக்ளடீஸ் கடை கட்டத் தொடங்கிவிடும். மழை வரலாம்.

காசும் சாப்பாடும்

மூன்று திட்டங்களில் செலவு குறைவது பெலொப்பொனீஸில், அடுத்து கிரீட், கடைசியில் சைக்ளடீஸ். வித்தியாசம் பெரும்பாலும் அறை வாடகையிலும் கப்பலிலும்தான். சாப்பாட்டில் அவ்வளவு இல்லை. காலையில் பேக்கரியில் கீரை அடைத்த ஸ்பனகோபிட்டா, மத்தியானம் பிட்டா ரொட்டியில் இறைச்சி வைத்துச் சுருட்டிய கீரோஸ் என்று ஓட்டிவிட்டு, இரவு ஒரு வேளை டவெர்னா என்கிற சிற்றுணவகத்தில் நான்கு பேரும் தட்டுகளை நடுவில் வைத்துப் பங்குபோட்டுச் சாப்பிடுங்கள், அங்கே வழக்கமே அதுதான். சைவர்கள் பயப்பட வேண்டாம். மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்த ஃபாவா, எலுமிச்சை பிழிந்த கீரையான ஹோர்ட்டா, தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை அவரை, சோறு அடைத்த குடமிளகாய் என்று வாரம் ஓடிவிடும். 'நிஸ்டீஸிமோ' என்று கேட்டால் விரத உணவு, இறைச்சி, முட்டை, பால் எதுவும் இராது. ஆனால் சிப்பி, கணவாய்க்கு விரதத்தில் தடையில்லை என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் பெட்டிக்கடை, துறைமுகம், கப்பல் எங்கும் 50 சென்ட் என்று அரசு விலை.

கடற்கரையில் கூடாரம் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை எல்லாக் குழுவிலும் வரும். முகாம்களுக்கு வெளியே கூடாரம் போடுவது கிரீஸில் சட்டவிரோதம், அபராதம் விழும். ஸ்கூட்டர், நாலு சக்கர பைக் வாடகையிலும் கவனம் வேண்டும். கடைக்காரர் உரிமத்தைச் சரியாகப் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த உரிமத்தைச் சரியாகப் பார்க்கும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாட்டில் படித்துக்கொண்டு அங்கே குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. பிரிட்டனில் படிக்கிற இந்திய, இலங்கை மாணவர்களுக்குத் தேவை. கோடைக்கு நேர்காணல் இடம் கிடைப்பது கடினம் என்பதால் குழுவில் விசா வேண்டியவர் யாரோ அவருடைய தேதியை வைத்தே மற்றவர்கள் டிக்கெட் போடட்டும்.

திரும்புகிற விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால், தீவிலிருந்தோ கிரீட்டிலிருந்தோ அதற்கு முந்தைய நாளே வந்துவிடுங்கள். விமான நாளன்று காலைக் கப்பலை நம்ப வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து பிரேயஸையும் விமான நிலையத்தையும் மெட்ரோவின் மூன்றாம் தடம் நேராக இணைக்கிறது, ஆகவே கடைசி இரவை எந்தப் பேட்டையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்த உபரி நாளில் அக்ரோபோலிஸ் பார்க்க நினைத்தால் காலை முதல் நேரத்துக்கு இணையத்தில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து முழு டிக்கெட் 30 யூரோ, ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடியுரிமை உள்ள 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். பெலொப்பொனீஸ் போய் வந்தவர்கள் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். மைசீனியின் கல்லறைகளில் எடுத்த தங்க முகமூடி அங்கேதான் இருக்கிறது.